கட்டி சுருங்கவில்லையே, ஏன்?



சென்ற இதழில் மோர்மிளகாய் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் பாராட்டி எழுதிய ஒரு வாசகி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டிருந்தார். "என் தொடையில் ஒரு கொழுப்புக் கட்டி இருக்கிறது. வலி கிலி ஒன்றுமில்லை. ஆனால் இந்த வருஷம் கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறது. என்ன பற்றுப் போடலாம், சொல்லுங்களேன்!"

பற்றுக்குச் சாமான் எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

என் ஓரகத்தி லால்குடிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு 38 வயது. இரண்டு பிள்ளைகள், மாடு கன்று, வயல் வேலை. தன் உடம்பைத் தானே திரும்பிப் பார்க்க நேரமில்லாதவள். ஒரு பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அக்கா, இங்கே தொட்டுப் பாரேன், கல்லு மாதிரி இருக்கு" என்று தொடையைக் காட்டினாள். தொட்டுப் பார்த்தேன். மேல்தோல் நகர்ந்தது, உள்ளே இருந்தது நகரவில்லை. சாத்துக்குடியை விடப் பெரிசு. எத்தனை நாளாக என்றால், எட்டு மாதமாம்! கட்டில் காலில் இடித்துக்கொண்டாளாம், அதனால் வந்த ரத்தக்கட்டு என்று நினைத்து மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வலியில்லை, அதனால் பயமுமில்லை.

வலியில்லாததுதான் ஆபத்தே என்பது எனக்கும் அன்று தெரியாது. பக்கத்து ஊரில் ஒருவரிடம் காட்டினோம். "கொழுப்புக் கட்டிதாம்மா. அரை மணி நேர வேலை. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார். செலவும் குறைவு. இவர் தம்பி சரியென்று தலையாட்டிவிட்டார். வியாழக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

அந்த வியாழக்கிழமையைத் தடுத்தது ஒரு டாக்டரம்மா. என் பெரிய பெண்ணுக்கு ஜுரம் என்று போயிருந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை சென்டிமீட்டர்? ஆழத்தில் இருக்கிறதா, தோலுக்கு அடியிலேயே இருக்கிறதா? வளர்கிறதா? ஸ்கேன் எடுக்காமல் யாரும் கத்தி வைக்கக்கூடாது" என்றார். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, தசைக்குள் ஆழமாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே வந்தாலோ முதலில் படம்தான் எடுக்க வேண்டுமாம். ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு, வேறொன்றுமில்லை.

இங்கே கடிதம் எழுதிய வாசகிக்கு ஒரு வார்த்தை. பயப்படாதீர்கள். உடம்பில் வரும் இந்த மாதிரி மெத்தென்ற கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. நூற்றில் ஒன்று கூட விபரீதமாக இருப்பது அபூர்வம். தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் இவற்றில் வரும் புற்றுக்கு சார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்று மாதிரிதான். அவ்வளவு அபூர்வமாக இருப்பதனால்தான், பார்க்கிற டாக்டருக்கே சட்டென்று அந்த நினைப்பு வருவதில்லை.

முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கர்ப்பத்தில் பிள்ளையைப் பார்க்கிறோமே, அதே மிஷின்தான். கட்டி நீர் நிறைந்ததா, கெட்டியா, தோலடியிலா, தசைக்குள்ளா என்று அது சொல்லிவிடும். இவளுடையது கெட்டி, தசைக்குள். அடுத்தது எம்.ஆர்.ஐ. என்றார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அது ஒரு பெரிய காந்தம். நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது 1.5 டெஸ்லா. பூமிக்கு இருக்கிற காந்த சக்தியைப் போல சுமார் 30,000 மடங்கு! நம் உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறதே, அதை இந்தக் காந்தம் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அது திருப்பிக் கொடுக்கிற சமிக்ஞையைப் படமாக்குகிறது. இதற்கு வழி கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான், இதற்கு மேல் விளக்கத் தெரியாது. ஆனால் அங்கே இருந்த டெக்னீஷியன் பெண் சொன்ன ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியுமாம். இன்னொரு வகையில் கொழுப்பை மட்டும் கறுப்பாக்கிவிட முடியுமாம். உண்மையான கொழுப்புக் கட்டி என்றால் முதல் படத்தில் வெள்ளையாக இருந்து, இரண்டாவதில் தோலடிக் கொழுப்போடு சேர்ந்து அதுவும் கறுத்துவிடும். நெய் என்று சொன்னதை உருக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோமே, அப்படி. என் ஓரகத்தியின் கட்டி கறுக்கவில்லை. பளிச்சென்று அப்படியே நின்றது.

மிஷினுக்குள் போகுமுன் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. உலோகம் எதுவும் கூடாது என்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி, ரவிக்கை ஊக்கு எல்லாம் வந்தாயிற்று. தாலிச் செயினில் வந்து நின்றுவிட்டாள். "கழட்ட மாட்டேன் அக்கா" என்று ஒரே அழுகை. வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார், உள்ளே இவள் மாட்டேன் என்கிறாள். கடைசியில் காவலுக்கு இருந்த ஒரு வயசான அம்மாள், "இங்கே தினம் நடக்கிறதுதான்" என்று தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிறும், மஞ்சள் கிழங்குத் துண்டும் எடுத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் செயின் கழன்றது. உங்களில் யாருக்காவது இந்த ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால் மஞ்சள் கயிற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். உடம்பில் பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய ஆபரேஷன் கம்பி, கிளிப் எது இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்ளே மாவு மில் ஓடுகிற மாதிரி சத்தம் இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவார்கள். பாதியில் கை நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அதற்காகச் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பெரும்பாலும் முதலில் ரத்தம் பார்ப்பார்கள்.

படத்தில் கட்டி 9 சென்டிமீட்டர். தொடையின் முன் தசைக்குள். பெரிய ரத்தக்குழாய்க்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு இடைவெளி. சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசியால் துளி சதை எடுத்து பயாப்ஸி பார்த்ததில் சார்கோமா என்று வந்தது. இந்தக் கட்டி பரவினால் முதலில் போவது நுரையீரலுக்குத்தானாம். அதனால் நெஞ்சுக்கும் சி.டி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

அங்கே பெரிய டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. பயாப்ஸி ஊசி போகிற பாதையைக்கூட, பிற்பாடு ஆபரேஷன் செய்யப்போகிறவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டுமாம். அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்குமாம். ஊசிக்கே இவ்வளவு என்றால், கொழுப்புக் கட்டி என்று நினைத்து நடுவிலே கீறி எடுத்திருந்தால்? "நோய் தொடை முழுக்கச் சிந்தியிருக்கும் அம்மா. அப்புறம் காலை மீட்பது கஷ்டம்" என்றார். அந்த வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

காலையே எடுத்துவிடுவார்களோ என்றுதான் மாமியார் அழுதுகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் நடந்து 1982-ல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்குக் காலையோ கையையோ எடுத்தும், சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைத்தும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். இரு தரப்பிலும் உயிர் பிழைத்தவர்கள் ஒரே மாதிரிதான் என்று தெரிந்தது. அதிலிருந்து முடிந்தவரை காலைக் காப்பாற்றவே பார்க்கிறார்கள். இவளுக்கு முதலில் கதிர்ச்சிகிச்சை, ஐந்து வாரம், 25 நாள். ஒரு மாதம் ஆறவிட்டு மறுபடி எம்.ஆர்.ஐ. அதன் பிறகு ஆபரேஷன்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்தது. இவர் தம்பி ஸ்கேன் சென்டர் வாசலிலேயே கவரைப் பிரித்துவிட்டார். (யாரும் இதைச் செய்யாதீர்கள்.) முன்னே 9 சென்டிமீட்டர், இப்போது 9.8. படித்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வாரம் ஊரை விட்டு, பிள்ளைகளை விட்டு, நகையை வைத்துப் பணம் புரட்டி, தொடையில் தோல் கறுத்து உரிந்து, கடைசியில் கட்டி பெரிசாகியிருக்கிறதா? அன்று ராத்திரி போனில் குடும்பமே கூடிவிட்டது. "நிறுத்துங்கள் போதும், நாட்டு வைத்தியம் பார்க்கலாம்" என்றார் மாமியார். பச்சிலை கொடுக்கிற ஒருவரின் விலாசம்கூட வந்துவிட்டது. ஓரகத்தி ஒன்றுமே பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரிடம் நான்தான் கேட்டேன். "சுருங்கவில்லையே டாக்டர்?" அவர் கோபிக்கவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். மருந்து ஏற்றி எடுத்த படங்கள். முதலாவதில் கட்டி முழுக்க வெளுப்பாக, வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. இரண்டாவதில் ஓரம் மட்டும் ஒரு வளையம்; நடுவெல்லாம் இருட்டு. உயிருள்ள இடத்துக்குத்தான் ரத்தம் போகும், ரத்தம் போகிற இடத்துக்குத்தான் அந்த மருந்து போகும். இருட்டாக இருக்கிற இடம் செத்துப்போன இடம்! செத்த திசு உடனே கரைந்து காணாமல் போய்விடாது. நீர் கோக்கும், உள்ளே ரத்தம் கசியும், அதனால் கட்டி கொஞ்சம் உப்பக்கூடச் செய்யும். "வெளி அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் அம்மா" என்றார்.

எனக்குத் தேங்காய் ஞாபகம் வந்தது. இளநீராக இருந்தாலும், உள்ளே தண்ணீர் வற்றிக் கொப்பரையானாலும் ஓடு அதே அளவுதானே?

இன்னொரு படமும் காட்டினார். தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுதந்திரமாக நகர்கின்றன என்று அளக்கிற படமாம். தேர் அன்று சன்னதித் தெருவில் ஓர் அடி எடுத்து வைக்க முடியுமா? புற்றணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற கட்டிக்குள் தண்ணீர் அப்படித்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். அணுக்கள் செத்துக் கூட்டம் கலைந்தால், தண்ணீர் தாராளமாக நடமாடும். அந்த நடமாட்டத்துக்கு ஒரு எண் உண்டு. முதல் ஸ்கேனைவிட அது நன்றாக ஏறியிருந்தது. இதையெல்லாம் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதித்தான் இருந்தார்கள். நாங்கள் முதல் பக்கத்துச் சென்டிமீட்டரோடு நின்றுவிட்டோம்.

பெரிசானால் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பல சமயம் பெரிசானது நோய் வளர்ந்ததுதான். இருட்டுக்கு நடுவே புதிதாக ஒரு வெளுப்பு முளைத்தால் அது கெட்ட சகுனம். இவளுக்கே அந்த ஓர வளையத்தைக் காட்டி, "இது மிச்சமிருக்கிற நோயா, கதிர்ச்சிகிச்சை வீக்கமா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று டாக்டர் கைவிரித்தார். அப்படி அவர் ஒப்புக்கொண்டதில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

காத்திருக்கிற கூடத்தில் தென்காசிப் பக்கத்து அம்மாள் ஒருவர் பழக்கமானார். அவருக்கு இரைப்பைச் சுவரில் வந்த ஜிஸ்ட் என்கிற கட்டி. அதுவும் இந்த சார்கோமா குடும்பம்தான். தினம் இமாட்டினிப் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டுக்குப் போய் என் பெரிய பெண்ணிடம் சொன்னேன். அவள் பார்மஸி படிக்கிறாள். தேடிப் படித்துவிட்டு ஒரு கதை சொன்னாள். 2000-ஆம் வருஷம் மார்ச் மாதம், பின்லாந்தில் ஹெல்சிங்கி நகரத்தில், வேறெந்த மருந்துக்கும் மசியாத ஜிஸ்ட் நோயோடு இருந்த ஒரு பெண்ணுக்குத்தான் முதன்முதலில் இந்த மாத்திரையைக் கொடுத்தார்களாம். மருந்து வேலை செய்கிறதா என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். லேசான கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றிப் படமெடுப்பதுதான் பெட் ஸ்கேன். புற்றணுக்கள் சர்க்கரையை விழுங்குவதில் பெரிய ஆசாமிகள், அதனால் அந்த இடம் விளக்கு மாதிரி எரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குள் விளக்கெல்லாம் அணைந்துவிட்டன!

அதற்கப்புறம் ஒரு சிக்கல். கட்டியின் குறுக்களவு 30 சதவீதமாவது குறைந்தால்தான் மருந்து கேட்டது என்று எழுத வேண்டும் என்பது 2000-ல் வந்த ஒரு பொது விதி. அதன்படி பார்த்தால், ஜிஸ்ட் நோயாளிகளில் மருந்து நன்றாகக் கேட்ட பலருக்கும் "பலனில்லை" என்று எழுத வேண்டி வந்தது. ஹூஸ்டன் நகரத்தில் சோய் என்கிற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 2007-ல் வேறு கணக்குப் போட்டார்கள். அளவில் 10 சதவீதம் குறைந்தாலே போதும், அல்லது சி.டி. படத்தில் கட்டியின் அடர்த்தி 15 சதவீதம் குறைந்தாலும் போதும், மருந்து கேட்கிறது என்று. நல்ல மருந்தை நிறுத்திவிடாமல் எத்தனை பேரை அந்தக் கணக்கு காப்பாற்றியிருக்குமோ!

தென்காசி அம்மாளுக்கு அன்று பெட் ஸ்கேன். காலையிலிருந்து பட்டினி, ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், பேசக்கூடக் கூடாது. "என்னால் பேசாமல் இருக்க முடியுமா?" என்று அவர் சிரித்ததை மறக்க முடியாது. அன்று முழுக்கப் பேரக் குழந்தையைத் தூக்கக்கூடாது என்றதற்குத்தான் முகம் வாடிவிட்டது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் சில மணி நேரம் பக்கத்தில் இருக்கக்கூடாதாம்.

என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் எம்.ஆர்.ஐ. பிலிம்களைப் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று நான் பரணில் பழைய பேப்பரோடு போட்டுவைத்திருந்தேன். மழையில் ஓதமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்தது. முன்னதோடு ஒப்பிட்டால்தானே எது இருட்டாயிற்று என்று தெரியும்? நல்ல வேளை, கூடவே கொடுத்திருந்த சி.டி. தட்டு பிள்ளைகளின் பாட்டு டப்பாவில் கிடந்தது. இப்போது எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில், தேதி எழுதி வைத்திருக்கிறேன். மறுபடி ஸ்கேன் எடுப்பதென்றால் அதே சென்டரில், அதே மிஷினில் எடுப்பதும் நல்லது. நூறு ரூபாய் குறைகிறதென்று வேறிடம் போனால் ஒப்பிடுவது சிரமம்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. தசையோடு, ஊசி போன பாதையோடு கட்டியை எடுத்தார்கள். கால் தப்பியது. எடுத்த கட்டியை வெட்டிப் பார்த்ததில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செத்த திசு. அந்த ஓர வளையத்தில் மட்டும் கொஞ்சம் உயிருள்ள புற்றணுக்கள் இருந்தன. சுற்றிலும் வெட்டிய விளிம்பில் இல்லை. ரிப்போர்ட்டை டாக்டர் படித்துச் சொன்னபோது, இவர் தம்பி அவர் காலில் விழப் போய்விட்டார்.

இரண்டு வருஷமாகிறது. லேசாகச் சாய்த்து நடக்கிறாள், தரையில் சம்மணம் போட முடிவதில்லை, முக்காலியில் உட்கார்ந்துதான் பால் கறக்கிறாள். நாலு மாதத்துக்கு ஒரு தரம் தொடைக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் முன்பிருந்தே சோறு இறங்காது அவளுக்கு, எனக்கும்தான். கவரை இப்போதெல்லாம் யாரும் பிரிப்பதில்லை. அப்படியே டாக்டர் மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: பற்று வேண்டாம். தேய்க்கவும் அமுக்கவும் வேண்டாம். இந்த வாரமே போய் ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கொழுப்புக் கட்டி என்றே வரட்டும், வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த இதழில் உங்களுக்காகவே நாரத்தங்காய் ஊறுகாய் எழுதுகிறேன்.

வருகிற 14-ந் தேதி இவளுக்கு அடுத்த ஸ்கேன். நேற்று போனில், "அக்கா, மஞ்சள் கயிறு ரெண்டா வாங்கி வை. போன தடவை பக்கத்தில் ஒரு பொண்ணு இல்லாம தவிச்சது" என்றாள்.